யார் மேல் எழுத வேண்டும்?

காலை ஆறு மணி நாற்பது நிமிடம். குளியலறைக் கண்ணாடியில் முதலில் கண்ணில் பட்டது வலது விலாவில் ஒரு சிவப்புத் திட்டு. அதன் மேல் நெருக்கமாக நீர் கோத்த கொப்புளங்கள். எண்ணினேன். ஒன்பது. முப்பது வருஷத்துக்கு மேல் செய்தி எழுதியவனுக்கு எதையும் எண்ணாமல் விடத் தெரியாது. விபத்து என்றால் எத்தனை பேர் என்பதுதான் எங்கள் முதல் கேள்வி. சொந்த உடம்பிலும் அதே பழக்கம் வந்துவிடுகிறது.

பத்து மணிக்கு டாக்டர் பார்த்தார். சட்டையைத் தூக்கிய மாத்திரத்தில், "அக்கி சார்" என்றார். ஒரு வாரத்துக்கு மாத்திரை. எரிச்சலுக்கு மேலே தடவிக்கொள்ள ரோஸ் நிறத்தில் ஒரு மருந்து. வீட்டுக்கு வந்து அந்தப் புட்டியைக் குலுக்கித் திறந்தேன். காய்ந்த களிமண்ணில் தண்ணீர் தெளித்தது போல ஒரு வாசனை. பஞ்சில் தொட்டு விலாவில் வைத்ததும் சில்லென்றது. அந்தச் சில்லிப்போடு பேச்சியம்மாள் வந்து நின்றாள், என்னுடைய பழைய மாடியறையின் வாசலில், முந்தானையால் பாதி முகத்தை மூடிக்கொண்டு.

அந்த அறையைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும். போடியில், கேரள மலைத் தோட்டங்களுக்குப் போகிற ஜீப்புகள் நிற்கும் இடத்துக்கு எதிரே, ஒரு ஏலக்காய்க் கடையின் மாடி. கீழே பத்துப் பதினைந்து பெண்கள் உட்கார்ந்து நாள் முழுக்கக் காய் தரம் பிரிப்பார்கள். மேலே நான் உட்கார்ந்து நாளிதழ் ஒன்றுக்குச் செய்தி எழுதுவேன். நிருபர் என்று சொல்லிக்கொள்வேன். எனக்கு அப்போது இருபத்தைந்து வயது, அந்தச் சொல் என் தோளுக்குக் கொஞ்சம் பெரிய சட்டையாகத்தான் இருந்தது. சட்டை என்றதும் நினைவு வருகிறது. எத்தனை முறை துவைத்தாலும் என் சட்டையில் ஏலக்காய் மணக்கும். மதுரை பஸ்சில் பக்கத்தில் உட்காருகிறவர்கள், "கிலோ என்ன வெலை போகுது?" என்று கேட்பார்கள். நான் பத்திரிகைக்காரன் என்று சொன்னால் நம்பமாட்டார்கள்.

கார்பன் தாள் வைத்து எழுதி, கவரில் போட்டு, இரண்டு மணி மதுரை பஸ்சின் கண்டக்டரிடம் கொடுத்துவிட வேண்டும். மதுரையில் ஓர் ஆள் வந்து வாங்கிக்கொள்வார். மறுநாள் காலையில் நான் எழுதியதில் பாதி அச்சாகி வரும். எப்போதும் முதல் பாதி. இடம் போதாவிட்டால் அடியிலிருந்து வெட்டுவார்கள். இது பின்னால் முக்கியமாகும், நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் செய்த ஒரு காரியத்தையும் சொல்லிவிடுகிறேன். மலையிலிருந்து வந்த ஜீப் டிரைவர் ஒருவர், "அண்ணே, தோட்டத்துல எல்லாருக்கும் பனி. ஒருத்தரும் வேலைக்கு வரல" என்றார். நான் உடனே, 'ஏலத் தோட்டங்களில் கடும் பனி, தொழிலாளர்கள் அவதி' என்று எழுதி அனுப்பிவிட்டேன். மறுநாள் மதுரையிலிருந்து போன். "ஏம்ப்பா, சித்திரை மாசத்துல என்னப்பா பனி?" டிரைவரைத் தேடிப்பிடித்துக் கேட்டேன். மலையாளத்தில் பனி என்றால் காய்ச்சல். மேலே வேலை செய்கிற நம் ஆட்களும் அப்படித்தான் சொல்வார்கள். ஊர் முழுக்க ஒரு மாதம் என்னைப் பார்க்கிறபோதெல்லாம் தோளைக் குறுக்கிக்கொண்டு நடுங்கிக் காட்டினார்கள்.

இரண்டாவது காரியம்தான் பேச்சியம்மாளைக் கொண்டுவந்தது. கொட்டகுடி ஆற்றுப் பக்கம் பானை வனைகிறவர் ஒருவர் இருந்தார். வேளார் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். அக்கி வந்தவர்களுக்குக் காலையில் காவியைக் கரைத்து, கோழியிறகால் உடம்பில் எழுதுவார். கொப்புளங்களைச் சுற்றி வளைத்துக் கோடு, அதற்குள் சிங்கம். மூன்று நாள் எழுத வேண்டும். இதற்கு அக்கி எழுதுவது என்றுதான் பெயர். வரைவது என்று யாரும் சொல்வதில்லை. எனக்கு அது வேடிக்கையாக இருந்தது. 'அக்கிக்குச் சிங்கம்: போடியில் நூதன வைத்தியம்' என்று எழுதினேன். வேளாரின் பெயரும் தெருவும் கடைசிப் பத்தியில் இருந்தன. கடைசிப் பத்தியை வெட்டிவிட்டார்கள். அச்சில் வந்தது இவ்வளவுதான்: போடியில் ஒருவர் எழுதுகிறார். மேலே, நமது நிருபர்.

ஒரு வாரம் கழித்து, காலை ஒன்பது மணி இருக்கும், மாடிப்படியில் செருப்புச் சத்தம். முந்தானையால் பாதி முகத்தை மூடிக்கொண்டு ஒரு பெண் நின்றாள். முப்பது வயதிருக்கலாம்.

"எழுதுறவுக நீங்கதானாண்ணே?"

"ஆமா. உக்காருங்க."

மனு எழுதக் கேட்டு அடிக்கடி ஆட்கள் வருவார்கள். என் கையெழுத்து கலெக்டருக்குப் புரியும் என்று ஒரு பெயர் இருந்தது. தாளை எடுத்து மடித்து ஓரம் விட்டுக்கொண்டேன்.

"பேரு?"

"பேச்சியம்மா."

"எந்த ஊரு?"

"பொறந்தது சிலமலை. இப்ப மேல, ஏலத்தோட்டத்துல. பூப்பாறைக்கு அங்கிட்டு."

"எத்தனை நாளா பிரச்சினை?"

"நாலு நாளா."

"யாரு மேல எழுதணும்?"

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "எம்மேலதான்."

நான் தலையைத் தூக்கினேன். தன் மேலேயே புகார் எழுதச் சொல்லி யாரும் அதுவரை வந்ததில்லை. "உங்க மேல நீங்களே எழுதச் சொல்றீகளா?"

"பெறகு? எனக்கு வந்ததுக்கு எங்க கங்காணி மேலயா எழுதுவீக?"

"சரி. என்ன எழுதணும்?"

"அதை நான் சொல்லணுமாக்கும்? சிங்கம் எழுதுவாகன்னு கங்காணி பேப்பரப் பாத்துப் படிச்சாரு." அவள் என் மேசையை நோட்டமிட்டாள். தலைப்புகளுக்கு அடிக்கோடு போட நான் வைத்திருந்த சிவப்பு மைப்புட்டி இருந்தது. "காவி இதானா? இம்புட்டுத்தான் இருக்கு?"

எனக்கு விளங்கியது. கங்காணி வீட்டு வாசலில் என் செய்தியைச் சத்தமாகப் படித்திருக்கிறார். இவள் அதிகாலை ஜீப்பில் இறங்கி, போடியில் எழுதுகிறவர் வீடு எது என்று கேட்டிருக்கிறாள். டிரைவர் யோசிக்கவே இல்லை. எதிர் மாடியைக் காட்டிவிட்டார்.

சிரிப்பு வந்தது. அவள் முந்தானையை விலக்கினாள். சிரிப்பு போய்விட்டது.

இடது நெற்றி முழுவதும் கொப்புளம். நடு நெற்றியில் கோடு கிழித்தது போல நின்றிருந்தது. வலது பக்கம் ஒன்றுகூட இல்லை. இடது இமை வீங்கி மூடியிருந்தது. மூக்கின் நுனியில் இரண்டு.

"கண்ணு தெரியுதா?"

"தெறக்க முடியல. கையால தெறந்தா பொகையாத் தெரியுது. மொத ரெண்டு நாளு நல்ல பனி வேற."

இந்த முறை எனக்குப் பனி புரிந்தது.

"மொதல்ல ஆஸ்பத்திரிக்குப் போயிருவோம்" என்றேன்.

அவள் எழுந்துவிட்டாள். "வேணாம்ணே. அக்கிக்கு ஊசி போட்டா உள்ள எறங்கிரும்பாக. எழுதி விடுங்க, மூணு மணி ஜீப்புல போயிர்றேன். காய் எடுக்குற சோலிண்ணே. தூர்ல குனிஞ்சு, எது பழுத்தது எது பிஞ்சுன்னு பாத்துப் பாத்து எடுக்கணும். பிஞ்சை எடுத்துட்டா மறுநா வராதேன்னுருவாக. ஒத்தைக் கண்ண வச்சு அந்தச் சோலி ஆகாது. மக ரெண்டாப்பு படிக்கிறா."

நான் எழுதுகிற ஆள் இல்லை என்று சொல்லிப் புரியவைக்க நேரமானது. எழுதுகிறேன், ஆனால் உடம்பில் எழுதுவதில்லை என்றேன். "அப்ப எதுல எழுதுவீக?" என்றாள். தாளில் என்றேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில் கொஞ்சம் இரக்கம் இருந்தது.

வேளார் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். ஆற்றை ஒட்டிய பாதையில் அவள் எனக்கு இடது பக்கமாகவே நடந்துவந்தாள், தெரிகிற கண்ணால் என்னைப் பார்த்துக்கொள்வதற்காக. போகிற வழியெல்லாம் எனக்கு வேறொரு பயம். செய்தி வந்த பிறகு நான் அந்தப் பக்கம் போகவில்லை.

வேளார் மண் மிதித்துக்கொண்டிருந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும், முழங்கால்வரை சேறு. என்னைப் பார்த்ததும் மிதிப்பதை நிறுத்தாமல் பேசினார்.

"வாங்க பேப்பரு! நூதனம்னு போட்டீகளே, நூதனம்னா என்னா தம்பி? எம்மவன்ட்ட கேட்டேன், புதுசுன்னு அர்த்தமாம். எங்க தாத்தனுக்குத் தாத்தன் எழுதுனது எப்படிய்யா புதுசாகும்?"

"தப்புதான்ணே."

"சிங்கத்தை மட்டும் போட்டீக. சிங்கம் போட்டவன் பேரைக் காணோம்."

"வெட்டிட்டாங்கண்ணே."

"எதை? எம்பேரையா?"

அப்போதுதான் எனக்குப் பின்னால் நின்ற பேச்சியம்மாளைப் பார்த்தார். மண்ணிலிருந்து இறங்கினார். கையைத் தொட்டித் தண்ணீரில் கழுவினார், ஒருமுறை அல்ல, இரண்டுமுறை. அவள் தாடையைத் தொடாமல், வெளிச்சத்தின் பக்கம் திரும்பு என்று விரலால் காட்டினார். வெகுநேரம் பார்த்தார். கேலி பேசிய முகம் வேறாகிவிட்டது.

"தாயி, மூக்கு நுனியில இருக்கே."

"ஆமாண்ணே."

"மூக்கு நுனிக்கு வந்தா கண்ணுக்குள்ள போகும். இது நான் எழுதுறது இல்ல."

பேச்சியம்மாள் அப்படியே மண்குவியல் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். "அம்புட்டுத் தூரத்துலருந்து வந்திருக்கேன். ஒருத்தரு தாளுலதான் எழுதுவேங்கிறாரு. நீங்க எழுதவே மாட்டேங்கிறீக. எழுதாம எப்படி மேல போவேன்?"

அழவில்லை. கண் எரியும் என்ற பயத்தால்தான் அழவில்லை என்று நினைக்கிறேன்.

வேளார் காலில் இருந்த சேற்றைக் கழுவினார். பிறகு உள்ளே போய்க் காவிக்கல்லையும் உரைக்கிற பலகையையும் எடுத்துவந்தார். தண்ணீர் தெளித்து உரைத்தார். அந்த வாசனைதான், இன்று காலை புட்டியிலிருந்து வந்தது. இறகைத் தொட்டு நெற்றியில் ஆரம்பித்தார். உதடு ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தது. தலைமுடிக்குக் கீழே ஒரு சிங்கம், அதன் வால் புருவத்துக்கு மேலாக வளைந்து காதுவரை. பிறகு கன்னத்தில் வளைகோடு. கண்ணைச் சுற்றி இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு சொட்டுக்கூடப் படவில்லை. அவள் தோள் மெல்ல இறங்குவதை நான் பார்த்தேன். அந்தக் குளிர்ச்சி எவ்வளவு சுகம் என்பது எனக்கு இன்றைக்குத்தான் தெரியும்.

வேளார் இறகைக் கழுவினார்.

"பாதி எழுதியாச்சு தாயி. மீதிப் பாதி கண்ணுக்கு. அதை எழுதுறவுக வேற. ஆஸ்பத்திரில இருக்காக. அவுக தாளுல எழுதுவாக. ரெண்டு எழுத்தும் சேந்தாத்தான் நோவு எறங்கும். பாதி எழுத்தோட மலையேறக் கூடாது."

அவள் யோசித்தாள். "தாளுல எழுதுனா மேல உள்ளது எப்படிண்ணே எறங்கும்?"

வேளார் என்னைக் காட்டினார். "இந்தத் தம்பி தாளுல எழுதுனதுதானே ஒன்னய மலையிலருந்து எறக்கிருக்கு?"

என் தொழிலைப் பற்றி யாரும் அதற்கு முன்போ பின்போ அவ்வளவு உயர்வாகச் சொன்னதில்லை.

"வெரசாப் போங்க" என்றார் வேளார். "இன்னைக்கே."

ஆஸ்பத்திரியில் இருந்தது ஒரு பெண் டாக்டர். நெற்றியில் சிங்கத்தோடு போய் நிற்கிறோமே, என்ன திட்டு விழப்போகிறதோ என்று நான் ஏற்கெனவே மன்னிப்பு வாசகங்களைத் தயாரித்து வைத்திருந்தேன். டாக்டர் டார்ச் அடித்து மூக்கு நுனியைத்தான் முதலில் பார்த்தார். "இங்க வந்தா கண்ணுக்கு ஆபத்து, தெரியுமா?" என்று என்னிடம் கேட்டார். தெரியும் என்றேன். அரை மணி நேரத்துக்கு முன் தெரிந்துகொண்டது என்பதைச் சொல்லவில்லை.

"யாரு எழுதுனது? கண்ணுப் பக்கம் படாம விட்டிருக்காரே, பொழைச்சோம்." ஈரப்பஞ்சால் புருவத்துக்கு மேல் மட்டும் துடைத்தார். துடைத்துவிட்டு அவளிடம், "வாலு போயிருச்சும்மா. சிங்கம் இருக்கு" என்றார்.

பிறகு வீங்கிய இமையை விரலால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, சுவரில் தொங்கிய அட்டையைக் காட்டினார். "வலது கண்ணை மூடிக்கங்க. எழுத்து தெரியுதா?"

"எனக்கு எழுத்தே தெரியாதும்மா."

"அய்யோ, இந்தக் கண்ணால தெரியுதான்னு கேட்டேன்."

"எந்தக் கண்ணால பாத்தாலும் எனக்கு எழுத்து தெரியாது."

டாக்டர் சிரித்துவிட்டார். அட்டையை விட்டுவிட்டு விரலைக் காட்டினார். முதலில் ஒரு விரல். பிறகு மூன்று. பேச்சியம்மாள் ஒன்று என்றாள். மூன்றுக்கும் ஒன்று என்றாள். அப்போது யாரும் சிரிக்கவில்லை.

டாக்டர் சீட்டில் மாத்திரையும் சொட்டு மருந்தும் எழுதினார். இன்னொரு தாளில் மதுரையில் கண் பார்க்கிற டாக்டருக்கு ஒரு கடிதம். அவர் எழுதி முடிக்கும்வரை பேச்சியம்மாள் அந்தப் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எழுதியாச்சா?"

"எழுதியாச்சு."

"முழுசா?"

"முழுசா எழுதியாச்சும்மா. இன்னைக்கே மதுரைக்குப் போயிரணும்."

அவள் வீட்டில் தகவல் சொல்லும்படி மலைக்கு ஜீப்பில் சொல்லி அனுப்பினேன். இரண்டு மணி பஸ்சுக்கு நின்றோம். கண்டக்டர் வழக்கம்போல ஜன்னல் வழியாகக் கையை நீட்டி, "கவரு எங்கண்ணே?" என்றார். இன்றைக்குக் கவர் இல்லை என்று சொல்லி, பேச்சியம்மாளை ஏற்றி, நானும் ஏறினேன். மறுநாள் பேப்பரில் போடிச் செய்தி ஒன்றும் இல்லை. ஊரில் எதுவும் நடக்கவில்லை என்று மதுரையில் நினைத்திருப்பார்கள். போனில் நான் வாங்கியது வேறு கதை.

இரண்டு மாதம் கழித்து அதே மாடிப்படியில் செருப்புச் சத்தம். பேச்சியம்மாள், கையில் ஒரு துணிப்பொட்டலத்தோடு. இடது புருவம் பாதிதான் முளைத்திருந்தது. கருவிழியின் ஓரத்தில் கடுகளவு வெள்ளையாக ஒரு பூ. உட்காரக்கூட இல்லை. வலது கண்ணை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு என் எதிரே நின்றாள்.

"சட்டையில பித்தான் அஞ்சு. நாலாவது இல்ல. நூலு தொங்குது."

குனிந்து பார்த்தேன். நூல் தொங்கியது.

"காய் எடுக்கப் போறீகளா?"

"போன வாரத்துலருந்து போறேன். ஒரு பிஞ்சு எடுத்தேன்னு எவளாச்சும் சொல்லட்டும் பாப்போம்."

பொட்டலத்தில் ஏலக்காய். ஏலக்காய்க் கடை மாடியில் குடியிருப்பவனுக்கு ஏலக்காய். மறுக்கவா முடியும்? வேளாருக்கும் அதே அளவு கொடுத்துவிட்டுத்தான் வந்திருந்தாள்.

அதன் பிறகு நான் மறுபடியும் அக்கி பற்றி எழுதினேன். வேளாரின் பெயரையும் தெருவையும் முதல் வரியிலேயே வைத்தேன், யாரும் வெட்ட முடியாதபடி. முகத்தில் வந்தால் முதலில் ஆஸ்பத்திரி என்று அவர் சொல்வதை இரண்டாவது வரியில் வைத்தேன். நூதனம் இல்லை. சிங்கம் நோயைக் குணப்படுத்துகிறதா என்று என்னிடம் பலர் கேட்டிருக்கிறார்கள். வேளாரிடம் நானே கேட்டேன். "அது தானா எறங்குற நோவு தம்பி. எறங்குற வரைக்கும் எரியும்ல? அதுக்குத்தான் எழுதுறேன்" என்றார். பெண் டாக்டரிடமும் கேட்டேன். ஏறக்குறைய அதையே சொன்னார், சிங்கம் இல்லாமல்.

அந்த மாடியை இடித்துவிட்டார்கள். இப்போது மூன்று அடுக்கில் ஒரு ஜவுளிக்கடை. ஏலக்காய் வாசனை வேறு தெருவுக்குப் போய்விட்டது. பஸ்சில் செய்தி போவதில்லை. கார்பன் தாளைப் பார்த்து எத்தனை வருஷம் ஆயிற்றோ. பெண் டாக்டர் மாறுதலாகிப் போனார், எந்த ஊர் என்று கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. எல்லோரிடமும் ஊர், பேர் கேட்கிற நான் அதைக் கேட்காமல் விட்டேன். வேளார் இறந்து ஒன்பது வருஷமாகிறது. அவர் மண் மிதித்த இடத்தில் மகன் சிமெண்டுக் கல் அறுத்து அடுக்கிவைத்திருக்கிறார், நன்றாக இருக்கிறார். இன்று யாராவது ஜீப்பிலிருந்து இறங்கி, எழுதுகிறவர் வீடு எது என்று கேட்டால், டிரைவர் எந்தப் பக்கமும் கை காட்ட மாட்டார்.

மருந்து காய்கிறவரை சட்டை போடக் கூடாது என்றார்கள். மதியம் சும்மா உட்கார்ந்திருந்தபோது பேச்சியம்மாளுக்குப் போன் போட்டேன். இப்போது சிலமலையில் மகள் வீட்டில் இருக்கிறாள். அக்கி வந்திருக்கிறது என்று சொன்னதுதான் தாமதம், "முகத்துலயா?" என்றாள். விலாவில் என்றேன். நம்பவில்லை. மகளைக் கூப்பிட்டு முகம் தெரிகிற மாதிரி போன் போடச் சொன்னாள்.

"அங்கிட்டுத் திரும்புங்கண்ணே. வெளிச்சத்துக்கு வாங்க. கைய ஒசத்துங்க."

என் மனைவி போனைப் பிடித்துக்கொண்டு எனக்குப் பின்பக்கம் வந்தாள். திரையில் பேச்சியம்மாள் என்ன செய்கிறாள் என்று எட்டிப் பார்த்தேன். வலது கண்ணை உள்ளங்கையால் பொத்திக்கொண்டிருந்தாள்.

"எத்தன இருக்குன்னு எண்ணுனீகளா?"

"ஒம்பது."

"பதினொண்ணு. முதுகுப் பக்கம் ரெண்டு இருக்கு."

மனைவி விரல் வைத்து எண்ணினாள். பதினொன்று இருந்தது.